வண்டிக்குப் பின்னால் நடந்தவர்கள்

மதுரைக்குத் தெற்கே கோவில்பட்டி வரைக்கும், மேற்கே கம்பம் பள்ளத்தாக்கு வரைக்கும், வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் குடியானவக் குடும்பங்களில் பெரியவர்களிடம் பூர்வீகம் கேட்டால் ஏறக்குறைய ஒரே கதைதான் வரும். வடக்கே ஒரு ராஜா நம் வீட்டுப் பெண்ணைக் கேட்டான். கொடுக்க மனமில்லை. ராவோடு ராவாக வண்டி பூட்டி, மாடு கன்றுகளை ஓட்டிக்கொண்டு தெற்கே கிளம்பிவிட்டோம். வழியில் ஆறு கரைபுரண்டு ஓடியது. பின்னால் துரத்திவரும் படை. அப்போது இரு கரையிலும் நின்ற புங்க மரங்கள் வளைந்து பாலமாகி நம்மை அக்கரை சேர்த்தன. தொட்டிய நாயக்கர்கள் சொல்லும் இந்தப் புங்கமரக் கதையை எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியான, தென்னிந்தியச் சாதிகளைப் பற்றிய தம் தொகுப்பில் குறித்து வைத்திருக்கிறார். கம்மவார்களின் இதே போன்ற பயணத்தைத்தான் கி. ராஜநாராயணன் 'கோபல்ல கிராமம்' என்ற நாவலாக 1976-ல் தந்தார்.

வரலாற்று ஆசிரியர்கள் வேறு காரணங்களும் சொல்வார்கள். பதினான்காம் நூற்றாண்டில் விஜயநகரத்துக் குமார கம்பணன் மதுரை சுல்தான்களை வென்றான். பதினாறாம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கரும் தளவாய் அரியநாத முதலியாரும் 72 பாளையங்களை வகுத்தார்கள். படையோடு வந்தவர்களைத் தொடர்ந்து உறவும் சுற்றமும் வந்தன. வடக்கே கரிசலில் பருத்தி போட்டுப் பழகியவர்களுக்கு இங்கேயும் அதே கறுப்பு மண் கிடைத்தது. இந்த இரண்டு விளக்கங்களில் ஒன்றைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. பஞ்சத்துக்கும் நிலத்துக்குமாக ஊரை விட்டு வந்தோம் என்று பேரனிடம் சொல்ல எந்தத் தாத்தாவுக்கும் வாய் வராது. மானத்துக்காக வந்தோம் என்றுதான் சொல்வார். அந்த மானமும் உண்மையாகவே இருந்திருக்கும்.

அவர்கள் கொண்டுவந்த சொத்து மாடுதான். இன்று பேருந்துகள் இரவு பகலாகப் புறப்படும் மதுரை மாட்டுத்தாவணி, முன்பு மாட்டுச் சந்தை கூடிய இடம். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கக் கூண்டு வண்டி கட்டி, கட்டுச்சோற்றோடு வந்த சம்சாரிகளுக்குச் சித்திரை மாதம் சாமி பார்க்கிற காலம் மட்டுமல்ல, மாடு பார்க்கிற காலமும்கூட. பல்லைப் பார்த்து, சுழியைப் பார்த்து, துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவார்கள். ஒரு ஜோடிக் காளை இருந்தால் உழவு உண்டு, வண்டி உண்டு, கிணற்றில் தண்ணீர் இறைக்கலாம், நிலத்துக்கு எருவும் ஆயிற்று. ஒரு குடும்பம் புது மண்ணில் பிழைக்க இவ்வளவும் வேண்டும். கம்பத்தில் கன்னடம் பேசும் மக்கள் காக்கும் நந்தகோபாலன் தம்பிரான் மாட்டுத் தொழுவுக்குப் பொங்கலின்போது போனால் இது விளங்கும். மந்தையையே அங்கே தெய்வமாக வணங்குகிறார்கள். மாடு காப்பாற்றித்தான் தாங்கள் வந்து சேர்ந்தோம் என்பதை அந்த மக்கள் மறக்கவில்லை.

பயணம் சில மாதங்களில் முடிந்திருக்கும். அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிய கதை. ஆனால் அதை யாரும் விரித்துச் சொல்வதில்லை. முள்ளையும் கள்ளியையும் வெட்டித் தீ வைக்க வேண்டும். தூரைக் கிளறி எடுக்க வேண்டும். கல் பொறுக்க வேண்டும். அது பெரும்பாலும் பெண்கள் செய்த வேலை. கரிசலில் மழை பெய்தால் வண்டிச் சக்கரம் அச்சு வரை புதையும். கோடையில் நிலம் பாளம் பாளமாக வெடிக்கும். கம்பும் சோளமும் பருத்தியும் அந்த மண்ணின் ஈரத்தை நம்பி விளைந்துவிடும். செம்மண் மேட்டில் அதுவும் நடக்காது. அங்கே கிணறு வேண்டும். சரளையைத் தாண்டிப் பாறையில் கடப்பாரையும் உளியும் வைத்து ஆண்டுக் கணக்கில் இறங்க வேண்டும். தண்ணீர் கண்ட பிறகு அதை இறைக்கக் கமலை கட்ட வேண்டும். சரிவான வாரியில் காளைகள் முன்னே இறங்கும்போது வடம் உருளையில் ஓடி, நீர் நிறைந்த சால் என்னும் வாளியை மேலே இழுத்துவரும். சாலின் அடியில் கட்டிய தோல் வழியாகத் தண்ணீர் வாய்க்காலில் கொட்டும். பிறகு காளைகள் பின்னே நடந்து மேடேற வேண்டும். விடிவதற்கு முன் தொடங்கி வெயில் ஏறும் வரை இதே நடை. பயிர் முற்றும் வரை இதே பாடு.

வெகுதூரம் நடந்து வந்தவன் அந்த நடையால் இந்த மண்ணுக்கு உரியவன் ஆகிவிடவில்லை. கமலையில் காளைகளோடு நடந்த நடையால்தான் ஆனான். ஆகவே யார் முதலில் வந்தவர், யார் வந்தேறி என்று இன்று மேடைபோட்டுப் பேசுவதைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. இந்த மண்ணில் உழைத்துப் புதைந்தவர்களின் பிள்ளைகளை, வீட்டில் பேசும் மொழியைக் காட்டி வெளியே நிறுத்த யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால் உழைப்பால் உரிமை என்ற இந்த நியாயத்தை நாம் பாதியிலேயே நிறுத்திவிடுகிறோம்.

அமெரிக்காவிலும் இப்படி ஒரு வண்டிக் கதை உண்டு. மிசௌரி ஆற்றங்கரையிலிருந்து ஆரிகன் வரை சுமார் 2,000 மைல், ஐந்தாறு மாதப் பயணம். அங்கேயும் பெரும்பாலான வண்டிகளை இழுத்தவை மாடுகள்தான். 1862-ல் லிங்கன் கையெழுத்திட்ட சட்டம், ஐந்தாண்டு தங்கிப் பண்படுத்துபவருக்கு 160 ஏக்கர் கொடுத்தது. உழைப்பவனுக்கு நிலம் என்பது உயர்ந்த எண்ணம். அந்த நிலம் பூர்வகுடிகளிடமிருந்து பறித்தது என்பதைச் சொல்ல அந்த நாட்டுக்கு வெகுகாலம் பிடித்தது. நம் கதைகளிலும் காடு வெறும் காடாகவே வருகிறது. ஆனால் கீழடியில் தோண்டத் தோண்ட வைகைக்கரையின் தொன்மை தெரிகிறது. மேற்கு மலைகளில் பளியர்கள் தேனும் கிழங்கும் எடுத்து வாழ்ந்தார்கள். ஆள் இல்லாத இடத்துக்கு யாரும் வந்து சேரவில்லை.

என்னை அதைவிட அதிகம் வருத்துவது இன்னொரு மறதி. வண்டியில் ஏறி வந்தவர்களின் கதை நம்மிடம் இருக்கிறது. வண்டிக்குப் பின்னால் நடந்தவர்களின் கதை எங்கே? கமலைச் சாலுக்குத் தோல் தைத்தது யார்? மாட்டுக்கு வாரும் மனிதனுக்குச் செருப்பும் செய்தது யார்? செத்த மாட்டை அப்புறப்படுத்தியது யார்? இன்றும் வீட்டில் தெலுங்கு பேசும் அருந்ததியர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். நாயக்கர் காலத்துக் குடிபெயர்வில் வந்தவர்கள் என்றே அவர்களில் பலரைப் பற்றிச் சொல்லப்படுகிறது. கிணறு வெட்டிய போயர்களின் வீட்டு மொழியும் தெலுங்குதான். அதே வெயிலில் நடந்து, அதே காட்டில் முள்குத்துப்பட்டவர்கள். அவர்கள் உழைப்பில் உருவான கிணற்றில் அவர்களையே தண்ணீர் எடுக்கவிடாத ஊர்கள் இருந்தன. உழைப்பே உரிமை தரும் என்ற நியாயம் உண்மையானால், அந்தக் கிணற்றின் மீது முதல் உரிமை தோல் தைத்தவருக்கும் பாறை உடைத்தவருக்கும் இருந்திருக்க வேண்டும். அந்த உரிமை அவர்களுக்குக் கிடைக்கவில்லை. மண்ணைத் திருத்தியதற்குப் பட்டா ஒரு தரப்புக்குப் போனது, கூலி மறு தரப்புக்குப் போனது. 2009-ல் அருந்ததியருக்கு மூன்று விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. படிப்புக்கும் வேலைக்கும் அது வழி திறந்தது. நிலம் அதில் இல்லை.

நிலத்துக்கென்று ஒரு முயற்சி முன்பே நடந்தது. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891-ல் தாழ்த்தப்பட்ட மக்களின் நிலையைப் பற்றி அறிக்கை எழுதினார். 1892-ல் சென்னை மாகாண அரசு அவர்களுக்கு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படும் இவைதான் பஞ்சமி நிலங்கள். பிறர் கைக்குப் போய்விடக் கூடாது என்று நிபந்தனையும் போட்டார்கள். இருந்தும் பெரும்பகுதி கைமாறிவிட்டது. அதை மீட்கக் கேட்டு 1994-ல் காரணை என்ற ஊரில் போராடியவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து இருவர் உயிரிழந்தார்கள்.

குலதெய்வக் கோயிலில் பங்காளிகள் கூடிப் பூர்வீகம் பேசும்போது, நம் வண்டியோடு நடந்து வந்தவர்கள் இன்று எந்தத் தெருவில் இருக்கிறார்கள், அவர்கள் பெயரில் எத்தனை சென்ட் இருக்கிறது என்றும் பேசுங்கள். அந்தக் கேள்வி இல்லாத பூர்வீகம் பாதிப் பூர்வீகம்தான். அரசு, பஞ்சமி நிலங்களின் பட்டியலை ஊர்வாரியாக, சர்வே எண்ணோடு மக்கள் பார்வைக்கு வைத்து, கைமாறியவற்றை மீட்டு உரியவர்களுக்குப் பட்டா கொடுக்க வேண்டும்.