பார்த்துக்கொள்ள ஒரு ஆள்

ஒரே செயல் ஆணுக்குத் தகுதியாகவும் பெண்ணுக்குத் தகுதிக் குறைவாகவும் எப்படி ஆகிறது? மணமுறிவுக்குப் பின் பிள்ளை யாரிடம் வளர்வது என்ற வழக்குகளில் இந்தக் கேள்வி எனக்குத் திரும்பத் திரும்ப எழுகிறது. அந்தச் செயல் மறுமணம்.

மணியாச்சியில் எங்கள் தெருவில் ஒரு தம்பதி விவாகரத்துப் பெற்றார்கள். மகன் அம்மாவிடம் இருந்தான். கோவில்பட்டிக்கு ரயிலேறி, தீப்பெட்டி ஆலையில் வேலை பார்த்து அவனை வளர்த்தாள். முதலில் மறுமணம் செய்தவர் அப்பா. "பிள்ளையப் பாத்துக்கிட ஆள் வந்தாச்சு, இனிமே பையனக் கூட்டியாந்திரலாம்" என்றார்கள் பெரியவர்கள். மறு வருடம், மனைவியை இழந்து ஒரு மகளோடு இருந்த கடம்பூர்க்காரர் ஒருவரை அவள் மணந்தாள். "இன்னொரு வீட்டுக்குப் போனவளுக்குப் பிள்ளை எதுக்கு?" என்றார்கள் அதே பெரியவர்கள். அப்பா நீதிமன்றத்தில் மனுப் போட்டார்.

இந்த இரட்டை அளவுகோல் ஊர்ப்பேச்சில் மட்டும் இல்லை. 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் பாதுகாவலர் சட்டம், பிள்ளையின் இயற்கைப் பாதுகாவலர் தந்தை, "அவருக்குப் பிறகு" தாய் என்கிறது. ஐந்து வயது நிறையும்வரை பிள்ளை பொதுவாகத் தாயிடம் இருக்கலாம். அதாவது பாலும் உறக்கமும் அவள் பொறுப்பு. முடிவெடுப்பது அவர் உரிமை. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில், 1999இல் உச்ச நீதிமன்றம் அந்தப் "பிறகு" என்பதற்கு, தந்தை இறந்த பிறகு என்று மட்டும் பொருளல்ல, அவர் பொறுப்பில் இல்லாதபோதும் என்று விளக்கம் தந்தது. ஆனால் சட்டத்தில் வாசகம் அப்படியே இருக்கிறது. தாய்க்கும் தந்தைக்கும் சம இடம் தர வேண்டும் என்று சட்ட ஆணையம் 2015இல் பரிந்துரைத்தது.

நீதிமன்றங்கள் வேறொரு வழியும் காட்டியிருக்கின்றன. சென்னையிலிருந்து மேல்முறையீடாகப் போன ரோசி ஜேக்கப் வழக்கில், 1973இலேயே, குழந்தைகள் பெற்றோரின் உடைமை அல்ல என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2006இல் கேரளத்து வழக்கு ஒன்றில், தாய் மறுமணம் செய்தாள் என்பதற்காகப் பிள்ளையை அவளிடமிருந்து பிரிக்க முடியாது என்றது.

"மாற்றான் வீட்டில் பிள்ளைக்கு என்ன பாதுகாப்பு?" என்று கேட்பார்கள். வெறும் வாதத்துக்காகக் கேட்கும் கேள்வி இல்லை இது; பெண் குழந்தை என்றால் எனக்கும் அந்தப் பயம் வரும். ஆனால் அந்தப் பயத்துக்குப் பதில், அந்தக் குறிப்பிட்ட மனிதரை விசாரிப்பதும் பிள்ளையிடம் பேசுவதும்தான். விவரம் தெரிந்த வயதுப் பிள்ளையின் விருப்பத்தையும் கருதலாம் என்று 1890ஆம் ஆண்டுப் பாதுகாவலர் சட்டமே சொல்கிறது. அந்த விசாரணை அப்பாவின் புது வீட்டுக்கும் நடக்க வேண்டும்.

அந்தப் புது வீட்டில் "ஆள்" என்று சொல்லப்பட்டவளை நாம் மறந்துவிடுகிறோம். அவளுக்குப் பெயரில்லை, கூலியில்லை. "தாய் செத்தால் தகப்பன் சித்தப்பன்" என்ற பழமொழி, அவள் வாசலில் கால் வைக்கும் முன்பே அவளைச் சந்தேகிக்கிறது. 1956ஆம் ஆண்டுச் சட்டமோ, தாய் தந்தை என்ற சொற்களில் மாற்றாந்தாயும் மாற்றாந்தந்தையும் அடங்கமாட்டார்கள் என்கிறது. பத்து வருடம் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினாலும் இயற்கைப் பாதுகாவலர் என்ற இடம் அவளுக்கு இல்லை. கடம்பூர்க்காரரின் மகளும் இந்தப் பையனும் இப்போது ஒரே பள்ளிக்குப் போகிறார்கள், ஒரே தட்டில் சாப்பிடுகிறார்கள். அவனைக் கூட்டிக்கொண்டு போனால் அவளுக்கு ஒரு தம்பி போவான். எந்த மனுவிலும் அவள் பெயர் இல்லை.

ஆகவே, "பெற்றவளுக்கே பிள்ளை" என்று மட்டும் பெண்ணியம் வாதாடினால் போதாது என்று நினைக்கிறேன். அது உடைமைப் பத்திரத்தில் பெயரை மாற்றி எழுதுவது மட்டும்தான். விந்துக்கு உரிமை இருந்த இடத்தில் கருப்பையை வைத்துவிட்டு, வளர்க்கும் கைகளை மறுபடியும் வெளியே நிறுத்துவதாகிவிடும். பிள்ளை மீதான உரிமை, பராமரிப்பிலிருந்து பிறக்க வேண்டும். அப்படிச் சொன்னால் பராமரிப்பை மீண்டும் பெண்ணின் தலையில் கட்டுவதாகாதா? ஆகாது, பராமரித்தால்தான் உரிமை என்றால், ஆணும் பராமரித்தே ஆக வேண்டும்.

நீதிமன்றமும் ஊரும் இரண்டு வீட்டுக்கும் ஒரே கேள்விகளைக் கேட்கட்டும். காய்ச்சலில் ராத்திரி விழித்திருப்பது யார்? வாத்தியார் கூப்பிட்டால் போவது யார்? பிள்ளை பயந்தால் யாரிடம் ஓடுகிறது? இவற்றுக்குப் பதில் சொல்ல முடியாதவர், "பாத்துக்கிட ஆள் வந்தாச்சு" என்று இன்னொரு பெண்ணைக் காட்டிப் பிள்ளையைக் கேட்க முடியாது.