ஆட்டுவிப்பவனின் அநுமதி

படப்பை என்னும் ஊரில் ஓர் இளைஞர், நண்பர் நால்வரை அமர்த்தி, பாத்திரமேற்று ஆடும் மேஜை ஆட்டம் ஒன்றை முதன்முறையாக நடத்த ஆயத்தமாகிறார். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-இல் அமெரிக்காவில் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வழிவந்த ஆட்டம் அது: ஒருவர் உலகத்தைப் படைத்துச் சொல்ல, ஏனையோர் அதில் வாழும் மாந்தராகித் தம் செயலைத் தாமே தீர்மானிக்க, துணிந்த காரியம் பலித்ததா என்பதை இருபது முகப் பகடை அறிவிக்கும். கதைக்களமாக அவர் கொண்டது, நரசிம்மவர்ம பல்லவன் ஏழாம் நூற்றாண்டிலே சாளுக்கியப் புலிகேசியை எதிர்த்துப் பொருத, அருகிலுள்ள மணிமங்கலத்தை. ஏரியும், பாசறையும், சாளுக்கிய ஒற்றன் ஒருவன் சாகுந்தறுவாயில் மொழிய வேண்டிய வார்த்தைகளும்கூட அவர் நோட்டுப் புத்தகத்தில் ஏறிவிட்டன. ஆடுவோர் அந்த ஒற்றனைக் காணாமலே ஏரிக்கரை வழியே போய்விட்டால் என்ன செய்வது என்பதுதான் அவருடைய கவலை.

கவலை அற்பமானதன்று, ஆட்டுவிப்பவன் எல்லாவற்றையும் சங்கற்பித்துவிட்டால் ஆடுகிறவனுக்குச் சுதந்திரம் ஏது என்ற பழைய வேதாந்த வினாவே அது. ஒரகடத்தைத் தாண்டினால் வரும் ஸ்ரீபெரும்பூதூரில் 1017-இல் அவதரித்தவராகச் சம்பிரதாயம் போற்றும் இராமாநுஜர், பிரம்ம சூத்திரத்துக்கு வகுத்த பாஷ்யத்தில் இதற்கு விடை தருகிறார்: முதற்பிரயத்தனம் ஜீவனுடையது, அதனை அபேக்ஷித்தே, உள்நின்று இயக்கும் அந்தர்யாமி அநுமதி தந்து செயலை நடத்துகிறான். இருவருக்குப் பொதுவான சொத்தை ஒருவன் பிறனுக்குக் கொடுக்கக் கருதினால் பங்காளியின் சம்மதம் வேண்டும். சம்மதம் பெற்றபின்னும் கொடையின் பலன் கொடுத்தவனையே சேரும் என்பது அவர் காட்டும் திருஷ்டாந்தம். வேதாந்தத்தில் பத்திரப் பதிவு வாடை வீசுவது எனக்குப் பிடித்தமானதே.

மேஜையிலும் அவ்வாறே: முயல்பவர் ஆடுவோர், அநுமதிப்பவர் நடத்துபவர். ஆயினும் மணிமங்கலப் போரின் முடிவு சரித்திரத்தில் எழுதப்பட்டாயிற்றே என்பார்க்கு, காஞ்சிபுரம் பக்கத்துத் தெருக்கூத்தை நினைவூட்டலாம். பாரதக் கதையின் ‘பகடை துகில்’ ஆடும் இரவில் தருமன் தோற்பான் என்பதை அறியாதவர் எவருமிலர். எனினும் பாட்டின் வரிசை வகுக்கப்பட்டிருக்க, இடையில் வரும் வசனம் பெரும்பாலும் மேடையிலேயே பிறப்பதால், கூட்டம் விடியுமட்டும் எழுந்திராது. அவ்வாறே, பல்லவன் வெல்வது நிச்சயமாயினும், அவனுடைய வேல்வீரன் ஒருவன் ஓடினானா, நின்றானா என்பது எவ்வேட்டிலும் இல்லை. ஆடுவோருக்கு உரிய இடம் அதுவே.

வீரனொருவன் மாண்டால், பக்ஷபாதமும் இரக்கமின்மையும் ஈசுவரன்மேல் சுமத்தப்படுவதுபோல, நடத்துபவர்மேலும் பழி வரும். ஈசுவரனைக் காக்கக் கர்மத்தைக் காட்டினர் ஆசாரியர். இவரோ பகடையை எல்லோர் கண்முன்னும் உருட்டினாலொழியத் தப்ப முடியாது.

உவமை இங்கேயே முறிகிறது. ஈசுவரன் சர்வக்ஞன், படப்பை இளைஞர் அல்லர். நால்வரும் செய்யப்போவதை அறியாமலிருக்கவே அவர் இணங்க வேண்டும், ஏனெனில் அவருக்கும் அது ஆட்டமாவது அப்போதுதான். ஆகவே ஒற்றனின் மரண வாக்கியத்தை அடித்துவிட்டு, அவன் யாருக்கு அஞ்சுகிறான், யாரிடம் கடன்பட்டிருக்கிறான், எந்த வழியாகத் தப்ப நினைக்கிறான் என்பவற்றை மட்டும் குறித்துக்கொள்ளட்டும். ஏரிக்கரையில் வேறொருவர் எதிர்ப்பட்டாலும் அவை பயன்படும்.