கீழூரின் எட்டு பேர்

ஒரு நாடு தன் காலனியை இன்னொரு நாட்டிடம் ஒப்படைக்கும்போது யாரைக் கேட்க வேண்டும்? புதுச்சேரியைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி என்னை விடுவதில்லை.

மக்கள் சம்மதமில்லாமல் எந்தப் பகுதியையும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்றது 1946ஆம் ஆண்டின் பிரெஞ்சு அரசியலமைப்பு. சந்திரநாகூரில் 1949இல் மக்களே வாக்களித்தார்கள். புதுச்சேரிக்கோ 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். இணைப்புக்கு ஆதரவு 170, எதிர்ப்பு 8. நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. 1956இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது.

காலனி ஆட்சி போகணும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனா, முடிவு சரிங்கிறதுக்காக ஒவ்வொருத்தரையும் கேட்காம விட்டுடலாமா?

ஒப்பந்தம் இதற்கு ஒரு வழி வைத்திருந்தது. அங்கே பிறந்து அங்கேயே வாழ்ந்தவர்கள், ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருக்கலாம். எழுதிக் கொடுக்காதவர்கள் இந்தியர்கள். ஒருத்தர் யோசித்துத்தான் சும்மா இருந்தாரா, விஷயமே தெரியாமல் இருந்தாரா என்று அந்த விதி கேட்கவில்லை. மௌனம் சம்மதமாகிவிட்டது.

இருந்தாலும் அந்த விதியை நான் மதிக்கிறேன். நிலத்தின் முடிவைப் பெரும்பான்மை எடுக்கலாம். நான் எந்த நாட்டுக்காரன் என்பதை எனக்காக 170 பேர் சொல்லிவிட முடியாது.