கண்மலரும் கண் அறுவையும்

கண்புரை அறுவைக்கு நாள் குறித்தவர் அம்மனுக்கு வெள்ளிக் கண்மலர் நேர்ந்துகொள்வது தென்மாவட்டங்களில் பழகிய வழக்கம். தெய்வத்தை நம்பியவர் மருத்துவரையும் நாடலாமா, அது நம்பிக்கைக் குறைவாகாதா என்ற கேள்வி சங்கரன்கோவிலில் கூடுதல் கனத்தோடு எழுகிறது. நோய் தீர்க்கும் என்று நம்பி மக்கள் நெற்றியில் பூசி, சிறிது உட்கொள்ளவும் செய்யும் புற்றுமண்தான் அங்கே பிரசாதம்.

அவ்வூர்த் தலவரலாறு காண்பதைப் பற்றியது. சங்கன், பதுமன் என்ற இரு நாக அரசர்கள் சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று வழக்கிட்டனர். இருவரையும் ஒரே வடிவில் காணக் கோமதி அம்மன் தவமிருந்தாள். வலப்பாதி சிவனும் இடப்பாதி திருமாலுமாக அவளுக்குக் கிடைத்த காட்சியைக் கொண்டாடுவதே ஆடித்தபசுத் திருவிழா. பார்வை மங்கிய முதியவர் அந்தக் காட்சியைக் கண்ணாரக் காணத் துடிப்பதும், அதற்காகவே அறுவைக்கு இணங்குவதும் பக்திக்கு உகந்தவையே.

மருத்துவத்தைப் பக்திக்குக் குறைவாக எண்ணுவோர் பெரியபுராணத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். காளத்திநாதரின் கண்ணில் குருதி வடியக் கண்ட திண்ணனார், பின்னாளின் கண்ணப்பர், பச்சிலை தேடி ஓடினார். மூலிகையைப் பிழிந்து வார்த்தும் குருதி நிற்காத பிறகே தம் கண்ணை அம்பால் அகழ்ந்து அப்பினார். கண்ணப்பர் கண்ணைக் கொடுத்ததைச் சொல்லும் பேச்சாளர்கள் அவர் மருந்து தேடியதை அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள். பக்தியின் உச்சமாகப் போற்றப்படும் கதையிலேயே மருந்துதான் முந்தி வருகிறது. உடலையும் உலகையும் உயிருக்காக இறைவன் தந்த கருவிகளாகக் கொள்ளும் சைவ சித்தாந்தத்திலும் மருத்துவரின் கருவியை விலக்க நியாயமில்லை.

சுந்தரர் கதையைக் காட்டி, பார்வை இழப்பைப் பாவத்தின் கூலி என்பவர்கள் உண்டு. சங்கிலியாருக்குத் திருவொற்றியூரில் செய்த சபதத்தை மீறியதால் அவர் பார்வை இழந்தார். காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் மறு கண்ணும் பெற்றார். அது இறைவனுக்கும் அவருடைய தோழருக்கும் இடையிலான வழக்கு. அதைப் பொது விதியாக்கக் கூடாது. கண்புரையில் நிகழ்வது, பெரும்பாலும் வயது ஏறுவதால், கண்ணுக்குள் இருக்கும் லென்ஸின் புரதம் கலங்குவது. அதற்காக ஒரு முதியவரின் வினையைத் துருவுவது கொடுமை.

பக்தியும் மருத்துவமும் ஒன்றாகக் கூடிய வாழ்வும் உண்டு. எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் 1918இல் பிறந்த டாக்டர் ஜி. வெங்கடசாமி, முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய பின்னும் கண் அறுவை செய்தவர். ஸ்ரீஅரவிந்தரைக் குருவாகக் கொண்ட அவர், 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய மருத்துவமனைக்கு அரவிந்தரின் பெயரையே சூட்டினார். மருத்துவமே அவருக்கு ஆன்மிக சாதனை.

சிக்கல் எழுவது சடங்குகளை எப்போது, எப்படிச் செய்வது என்பதில்தான். அறுவைக்கு முன் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருக்க வேண்டும். உண்ணும் மாத்திரைகளை, குறிப்பாக ரத்தம் உறையாமல் இருக்க உண்பவற்றை, மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சர்க்கரை நோயாளி விரதம் என்று தாமாகப் பட்டினி கிடப்பது ஆபத்து. தலைக்குக் குளிப்பதை முந்தைய நாளே முடித்துக்கொள்வது நல்லது.

அறுவைக்குப் பிறகு சொட்டு மருந்து சில வாரம் தொடரும். அந்நாட்களில் கண்ணைக் கசக்கக் கூடாது. மருத்துவர் அனுமதிக்கும்வரை தலைக்குக் குளிப்பதும், கனமானதைத் தூக்குவதும், குனிந்து தரையில் விழுந்து கும்பிடுவதும் கூடாது. புற்றுமண், விபூதி, தீர்த்தம் எதுவும் கண்ணுக்குள் போகக் கூடாது. மண்ணிலும் நீரிலும் வாழும் கிருமிகள் ஆறாத புண் வழியாகக் கண்ணுக்குள் புகுந்தால் பார்வையே பறிபோகலாம். பிரசாதத்தைக் கையில் வாங்கிப் பூசையறையில் வைப்பதில் பக்தி குறைந்துவிடாது. ஆடிச்சுற்றாகக் கோயிலை வலம்வர நேர்ந்திருந்தால், அதைக் கண் ஆறிய பிறகு செய்யலாம். உடல் இயலாதபோது நேர்ச்சையைத் தள்ளிவைப்பதைத் தெய்வக் குற்றமாக நினைக்க வேண்டியதில்லை. ஆனால் அறுவை செய்த கண்ணில் வலியும் சிவப்பும் கூடி, பார்வை மங்கத் தொடங்கினால், கோயிலுக்குப் போய்வந்த பிறகு பார்க்கலாம் என்று காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.