உட்கார்ந்தே வளர்றவன் பக்கத்துல நின்னு எடை தூக்குறது



ஜிம்முக்கு வர்ற தம்பிங்க என்கிட்ட அடிக்கடி கேட்கிற கேள்வி இது. "அண்ணா, ஊக்கமருந்து டெஸ்ட்டே பண்ணாத மேடையில நேச்சுரலா நின்னு என்னண்ணா பிரயோஜனம்?" கேட்கிறவனுக்கு 20, 21 வயசு இருக்கும். மாவட்டப் போட்டிக்கு ரெடியாகிறவன். "உழைப்பு வீண் போகாதுடா"ன்னு தட்டிக் கொடுத்து அனுப்பிடலாம். ஆனா அது முழு உண்மை இல்லையே!

1996-ல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வெளியானது. 43 ஆண்கள், நான்கு குழுக்கள், 10 வாரம். வாரம் 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொண்டு எந்தப் பயிற்சியும் செய்யாதவர்களுக்குக் கொழுப்பு நீங்கலான எடை சுமார் 3 கிலோ கூடியது. ஊசி இல்லாமல் ஒழுங்காக எடை தூக்கியவர்களுக்குச் சுமார் 2 கிலோ. ரெண்டையும் செய்தவர்களுக்கு 6 கிலோ.

இன்னொரு தடவை படிச்சுப் பாருங்க. சும்மா உட்கார்ந்திருந்தவன், வியர்வை சிந்தினவனைவிட அதிகமா வளர்ந்திருக்கான். அப்போ உடம்பைப் பார்த்து உழைப்பை அளக்க முடியாது. இதை ஒத்துக்கிட்டுத்தான் மேலே பேசணும்.

"எல்லாரும் போடுறாங்க, நானும் போட்டா சமம்தானே" என்பது வழக்கமான வாதம். சமம் எங்கே வருது? யாருகிட்ட காசு இருக்கு, யாரோட ஈரலும் இதயமும் தாங்கும் என்பதில் போட்டி போய் நிற்கும், அவ்வளவுதான். அதோட, ஒருத்தன் சேரும்போது அடுத்து வர்ற பையனுக்கு நுழைவுக் கட்டணம் ஏறிடுது. அதை அவன் உடம்பால கட்டணும்.

இதுக்குப் பதிலா, "பரம்பரை மட்டும் நியாயமா?"ன்னு ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. பிறவியிலேயே அகலத் தோளும் ஒடுங்கின இடுப்பும் உள்ளவன் பக்கத்துல நான் எத்தனை வருஷம் தூக்கினாலும் சாதாரணமாத்தான் தெரிவேன். அதனால நேச்சுரல் என்றால் நியாயம் என்று நான் சொல்றதில்லை. உண்மை என்று மட்டும்தான் சொல்வேன். மேடையில நிற்கிற உடம்பு ஒரு வாக்குமூலம். சாப்பிட்டு, தூங்கி, தூக்கினதால இது வந்துச்சுன்னு பார்க்கிறவன் நம்புறான். ஊசி போட்டவன் அதை மறைச்சு, கையில புரோட்டீன் டப்பாவோட ரீல் போடும்போது, 17 வயசுப் பையன் அந்த டப்பாவை வாங்குறான். ஆறு மாசத்துல ஒண்ணும் நடக்கலைன்னா தன் உடம்பையே வெறுக்கிறான். பொய்க்கு விலை கொடுக்கிறது அந்தப் பையன். வெளிப்படையா "நான் போடுறேன்"னு சொல்றவனை, மறைச்சு நேச்சுரல் வேஷம் போடுறவனைவிட நான் மதிப்பேன்.

யாருக்குத் தெரியப்போகுதுன்னு கேட்டா, விரத நாள்ல ஒளிஞ்சு ஒரு வடை சாப்பிட்டா யாருக்குத் தெரியப்போகுது? அதே கதைதான்.

உடம்புக்குத் தெரியும் என்பது வேற விஷயம். வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால், மூளை அளந்து பார்த்து "போதும்" என்று விரைகளுக்குப் போகும் உத்தரவைக் குறைத்துவிடும். சுத்தமான ஃபீட்பேக் லூப். சொந்த உற்பத்தி படுத்துடும், விரை சுருங்கும், நிறுத்தின பிறகு எழுந்திருக்க மாசக்கணக்காகலாம். கிரியேட்டின் நேச்சுரலான்னு கேட்பாங்க. மீன்லயும் கறியிலயும் இருக்கிறதுதான். இந்த உற்பத்தியை அது நிறுத்துறதில்லை. ஆனாலும் கோடு எங்கேன்னு முடிவு பண்றது மனுஷங்க சேர்ந்து போட்ட ஒப்பந்தம்தான். டபிள்யூ.என்.பி.எஃப் மாதிரி நேச்சுரல் அமைப்புகள் 10 வருஷம் ஊக்கமருந்து தொட்டிருக்கக் கூடாது என்கின்றன. பாலிகிராஃப் வரை வைத்துச் சோதிக்கிறார்கள். 21-ல ஒரே ஒரு சைக்கிள் போட்டால்கூட 31 வரைக்கும் அந்த மேடை கிடையாது.

மனோகர் ஐச் பற்றிப் பலருக்குத் தெரியாது. ஐந்தடிக்கும் குறைவான உயரம். பிரிட்டிஷ் சிறையில் இருந்தபடியே பயிற்சி செய்தவர். 1952-ல் மிஸ்டர் யுனிவர்ஸ் பட்டம் வென்றார். 2016-ல் தன் 104-வது வயதில் மறைந்தார். ஊசி போடாததாலதான் 104ன்னு ஃபார்வர்டு மெசேஜ் மாதிரி நான் சொல்ல மாட்டேன். எனக்குப் பிடிச்சது, பட்டம் வாங்கி எத்தனையோ வருஷம் ஆன பிறகும் அவர் பயிற்சியை விடலை என்பதுதான்.

என் தினசரி ரொம்ப சலிப்பானது. 70 கிலோவுக்கு, கிலோவுக்கு 1.6 கிராம் கணக்குல 112 கிராம் புரதம் வேணும். பிஜி மெஸ் சாம்பார்ல அது வராது. முட்டை, சோயா, தயிர், சனிக்கிழமை மொத்தமா வேகவைக்கிற கொண்டைக்கடலை. ரிலீஸ் வாரத்துல தூக்கம் போகும், தூக்கம் போனா பளுவும் போகும். முதல் வருஷம் கடகடன்னு ஏறும். நாலாவது வருஷத்துல ஒரு கிலோ தசை சேர்ந்தாலே கொண்டாட்டம்.

போன போட்டியில 14 பேர்ல 9-வது இடம். ரெண்டு வருஷப் போட்டோவையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தேன். முதுகு அகலமாகியிருக்கு. பின்தோள் இன்னும் தேறலை. இந்த ஆஃப் சீசன்ல வாரம் ரெண்டு நாள் அதுக்குத்தான்.