கேட்டறியாத செய்தி

குழந்தைகளின் பாதுகாப்பை வலியுறுத்திக் கராச்சியில் எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படமொன்று, நோக்கத்தை விளக்கும் முடிவுப் பகுதி வெட்டப்பட்டு, பிள்ளை பிடிப்போரைப் பற்றிய பிரத்தியட்சச் சாட்சியம்போல் 2018-இல் இந்தியாவெங்கும் கைபேசிகளில் உலவிற்று. இத்தகைய வதந்திகள் மூட்டிய ஆவேசத்தில், அவ்வாண்டு மே மாதம் போளூர் அருகே, குலதெய்வத்தைத் தரிசிக்க வந்த மூதாட்டி ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். நம் ஆழ்வார்திருநகரியிலும், தாமிரபரணி பெருகும் இரவில், அணை உடைந்ததென்னும் ஊகம் நீரினும் விரைந்து ஓடக்கூடும். பத்திரிகையில் அச்சேறியதாலோ, பத்திரிகைகள் மறைத்ததாக ஒருவர் ஆணையிட்டுச் சொல்வதாலோ எதுவும் சத்தியமாகிவிடாது. அனைத்தையும் நம்புகிறவரும், எதையும் நம்பாது எங்கும் சதியையே காண்கிறவரும், விசாரிக்கும் சிரமத்தைத் தவிர்த்தவர்களே. ஆகையால் அன்பர்களே, யார் கண்டார், எங்கே, எப்போது என்று கேட்டறியாத எச்செய்தியையும் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.