சிறையில் இறந்தவருக்கு ஒரு கை நீர்



ஆடி அமாவாசையன்று பிதிர்களுக்கு எள்ளும் நீரும் இறைக்கும்போது, தந்தை, பாட்டன், பூட்டன் என்று பெயர் சொல்லி முடித்த பின்னர், தாயும் தந்தையும் சுற்றமும் கோத்திரமும் இன்றிப் போனவர்களுக்கென்று இறுதியில் ஒரு கை நீர் விடுவது வழக்கம். குருக்கள் அந்த மந்திரத்தை விரைவாகச் சொல்லி முடிப்பார். பின்னால் நிற்பவருக்கு இடம்விட வேண்டுமே என்ற அவசரத்தில் நாமும் எழுந்துவிடுகிறோம். அந்த ஒரு கை நீர் யாருக்கு உரியது என்று இம்முறை சற்று நின்று சிந்திப்போம்.

நாம் குடியேறி வாழும் இந்த அவுஸ்திரேலிய மண்ணின் பிள்ளை ஒருவரை எடுத்துக்கொள்வோம். பெயர் றிச்சட் மறே. சாதாரண சிப்பாய். 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபோது யப்பானியரிடம் கைதியானவர்களில் ஒருவர். வட போர்ணியோவிலே சண்டகான் என்ற இடத்துக்கு, விமானத்தளம் அமைக்கும் வேலைக்காக, இவர்களில் ஒரு பகுதியினரைக் கொண்டுபோனார்கள். அங்கே 1945ஆம் ஆண்டின் ஆரம்பத்தில் சுமார் 2,400 அவுஸ்திரேலிய, பிரித்தானியக் கைதிகள் இருந்தனர். யுத்தம் முடிந்தபோது உயிரோடு மிஞ்சியவர்கள் ஆறே பேர். அந்த ஆறு பேரும் தப்பியோடியதால் மாத்திரமே பிழைத்தவர்கள். கணக்கு எழுதிப் பிழைக்கும் நமக்கே இந்த எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்க்கக் கை கூசுகிறது.

சண்டகானிலிருந்து ரணாவ் என்ற மலையூருக்கு ஏறக்குறைய 260 கிலோமீற்றர். காடும் சேறும் நிறைந்த அந்தப் பாதையில், நோயாலும் பட்டினியாலும் மெலிந்தவர்களை நடத்திச் சென்றார்கள். விழுந்தவர் எழவில்லையாயின் அங்கேயே கொன்றார்கள். ரணாவ் சேர்ந்தவர்களுக்கும் ஓய்வில்லை. யப்பானியப் படைக்கு அரிசி மூட்டை சுமக்கும் வேலை கொடுத்தார்கள். தோளிலே அரிசி, வயிற்றிலே பசி. அன்னத்தைத் தெய்வம் என்று சொல்லும் நமக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை.

மறேயும் அவருடைய நண்பர் கீத் பொட்டரிலும் வேறு சிலரும் தப்பிப் போகும் எண்ணத்தோடு, யப்பானியரின் களஞ்சியத்திலிருந்து கொஞ்சம் உணவை எடுத்து ஒளித்து வைத்தார்கள். அது அகப்பட்டுவிட்டது. எல்லோரையும் வரிசையில் நிறுத்தினார்கள். யார் எடுத்தது என்ற கேள்விக்கு மறே முன்னே வந்து, தான் ஒருவனே எடுத்ததாகச் சொன்னார். அவரைக் கொண்டுபோய்க் கொன்றார்கள். 1945 மே மாதம் அது. வரிசையில் நின்ற பொட்டரில் பின்னர் காட்டுக்குள் தப்பி, அவ்வூர் மக்கள் மறைத்து வைத்துச் சோறிட்டதால் பிழைத்தார். அவர் வாய்திறந்து சொன்னதனாலேதான் மறேயின் மரணம் நமக்குத் தெரிந்தது. சொல்ல ஒருவரும் மிஞ்சாத எத்தனை மறேக்கள் அந்தக் காட்டில் கிடக்கிறார்களோ!

களவும் பொய்யும் பாவமல்லவா என்று நம் பிள்ளைகள் கேட்கக்கூடும். கேட்கவேண்டிய கேள்விதான். களவென்ற பகுதிக்கு நாம் அதிகம் மெனக்கெடத் தேவையில்லை. கைதிக்கு உணவு கொடுப்பது சிறைப்பிடித்தவனின் கடன். அதைக் கொடாமல் வைத்தவனிடமிருந்து பசித்தவன் ஒரு பிடி அரிசி எடுத்தால், களவு எந்தப் பக்கத்தில் இருக்கிறது? பொய்யைப் பற்றியோ வள்ளுவப் பெருந்தகை வாய்மை அதிகாரத்திலேயே ஒரு வழி விட்டிருக்கிறார். குற்றமில்லாத நன்மை பிறருக்கு விளையுமானால் அதை அவர் பொய்யென்று தள்ளுவதில்லை. மறே சொன்ன அந்த ஒற்றைப் பொய்யின் விலையை அவரே முழுவதும் செலுத்தினார், மற்றவர்கள் பிழைத்தார்கள். ‘நான்’ என்ற சொல்லை ஆணவத்தின் அடையாளம் என்று நம் சமயம் எப்போதும் கண்டிக்கிறது. ஆனால் தன்னை அழித்துக்கொள்வதற்காக ஒருவன் ‘நான்’ என்று சொல்லும்போது அங்கே ஆணவம் எங்கே இருக்கிறது?

கைதியைப் பட்டினி போட்டவர்கள் அந்நியர்தானே, நம் மரபு அப்படியல்லவே என்று நாம் நினைத்துவிடக் கூடாது. சேரமான் கணைக்கால் இரும்பொறை சோழன் செங்கணானோடு போரிட்டுத் தோற்று, குடவாயிற் கோட்டத்துச் சிறையில் கிடந்தான். தண்ணீர் கேட்டான். காலந்தாழ்த்திக் கொடுத்தார்கள். கையில் வாங்கியும் குடியாமல், பாட்டொன்று சொல்லி உயிர்விட்டான் என்று புறநானூற்றின் குறிப்புக் கூறுகிறது. பொய்கையார் களவழி நாற்பது பாடி அவனை மீட்டார் என்ற செய்தியும் உண்டு. இரண்டும் எப்படிப் பொருந்தும் என்று புலவர்கள் ஆராயட்டும். நம்மை உறுத்துவது வேறொன்று. அந்தச் செங்கணானைத்தான் அறுபத்துமூவரில் ஒருவரான கோச்செங்கட் சோழ நாயனார் என்று மரபு கருதுகிறது. திருவானைக்காவிலே சிலந்தியாயிருந்து இறைவனுக்கு நிழல் அமைத்த ஆன்மா, மாடக்கோயில்கள் பல எடுப்பித்த அரசர். அவருடைய சிறையிலும் ஒரு கைதிக்குத் தண்ணீர் நேரத்துக்குக் கிடைக்கவில்லை. குருபூசைப் பிரசங்கங்களில் இதை நாம் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும் என்பதே எம் எண்ணம். கோயில் எடுப்பது ஒரு புண்ணியம். சிறையில் இருப்பவனுக்குத் தண்ணீர் போகிறதா என்று பார்ப்பது வேறொரு கடன், முதலாவது இரண்டாவதற்கு ஈடாகாது.

இதற்கு எதிர்ப்புறத்திலே மெய்ப்பொருள் நாயனார் நிற்கிறார். போரில் வெல்லமுடியாத முத்தநாதன் அடியார் வேடம் பூண்டு, புத்தக முடிப்பிலே கத்தியை மறைத்து வந்து குத்தினான். வாளோடு பாய்ந்த தத்தனை அரசர் தடுத்தார். கொலையாளி அப்போது கைக்கு அகப்பட்டவன், அதாவது ஒரு கைதி. அவனைக் கோபங்கொண்ட மக்கள் நடுவே பத்திரமாக ஊர் எல்லை கடத்திவிடும்படி கட்டளையிட்டு, அவன் நலமாகப் போய்ச் சேர்ந்தான் என்று தத்தன் திரும்பி வந்து சொல்லும்வரை உயிரைப் பிடித்து வைத்திருந்தார். 1949இல் உலக நாடுகள் ஜெனீவாவில் கூடி, போர்க் கைதிக்கு உணவும் மருத்துவமும் மானமும் உண்டென்று எழுதிய சமவாயத்தைத் திருக்கோவலூரில் ஒருவர் தம் இரத்தத்தாலேயே எழுதிவிட்டார்.

இதையெல்லாம் சொல்வதற்கு நமக்குள்ளேயே ஒரு காரணம் இருக்கிறது. 2009 மே மாதத்தில் தம் கையாலேயே பிள்ளையை ஒப்படைத்துவிட்டு, அதன்பின் ஒரு சேதியும் அறியாத தாய் தந்தையர் நம் உறவுகளில் உண்டு. 2017இல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரம் அமர்ந்து கேட்கத் தொடங்கியவர்களில் பலர் பதில் கிடையாமலே கண்மூடிவிட்டார்கள். அவர்கள் பிள்ளைகளுக்குத் திதி இல்லை. எள்ளுந் தண்ணீரும் இறைத்தால் இறந்துவிட்டான் என்று தாமே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பெற்றவர்கள் கையை மடக்கிக்கொள்கிறார்கள். அவர்களைத் திதி செய்யும்படி யாரும் வற்புறுத்த வேண்டாம். சாத்திரம் தெரியும் என்ற மிடுக்கில் வற்புறுத்துவோரை நாம் பார்த்திருக்கிறோம். அது அறமன்று. இறந்தானா என்று தெரியாத பிள்ளைக்காக விளக்கேற்றலாம், அருச்சனை செய்யலாம், அவன் பெயரில் ஒருவருக்குச் சோறிடலாம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், சிலருக்குக் கசக்கும். தெற்கிலேயும் மகன் அகப்பட்டானா இறந்தானா என்று அறியாத தாய்மார் உண்டு. கைதியைக் கைதியாக நடத்தாத குற்றம் ஒரு தரப்பின் தனிச்சொத்தாக இருந்ததில்லை. நம் பிள்ளைக்கு நீதி கேட்கும் வாயால் அந்தத் தாயின் பிள்ளைக்கும் கேட்காவிட்டால், மெய்ப்பொருள் நாயனார் புராணத்தைப் படிக்கும் தகுதியை நாம் இழந்துவிடுவோம்.

சிட்னியில் வாழும் அடியார்கள் பேர்வூட் பூங்காவை அறிவீர்கள். மாலையில் பிள்ளைகளை விளையாட விடும் அந்தப் பூங்காவிலே சண்டகானில் இறந்தோருக்கு ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. பிள்ளைகளின் கையைப் பிடித்து அதனருகே அழைத்துப் போங்கள். றிச்சட் மறே முன்னே வந்து நின்ற கதையை அங்கே வைத்துச் சொல்லுங்கள். ஆடி அமாவாசையன்று குருக்கள் கடைசி மந்திரத்துக்கு வரும்போது எழுந்துவிடாமல், அவருக்கும், கணைக்கால் இரும்பொறைக்கும், பெயர் சொல்ல ஆளில்லாது சிறைகளில் இறந்த அனைவருக்குமாக அந்த ஒரு கை நீரை ஆறுதலாக விடுங்கள்.

திருச்சிற்றம்பலம்.